மூச்சுக்கும் தோளுக்கும் மதிப்பெண் போடாதீர்கள்: நிர்வாகக் குழுவுக்கும் தேர்வுக் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கும் தேர்வுக் குழுவினருக்கும்,

நம் வில்வித்தைப் பயிற்சிக் கூடத்தின் பயோஃபீட்பேக் அறையில், அதாவது உடலின் அளவீடுகளைத் திரையில் காட்டிப் பயிற்சி தரும் அறையில், பதிவாகும் அளவீடுகளை அடுத்த தேர்வுச் சுற்றிலிருந்து மதிப்பெண்ணாகக் கணக்கில் எடுக்கப்போவதாக நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பை நான்கு முறை படித்துவிட்டேன். அம்பு எங்கே படுகிறது என்பதற்கு 80 மதிப்பெண். 'மன உறுதிக் குறியீடு' என்று நீங்கள் பெயர் வைத்திருக்கும் ஒரு எண்ணுக்கு 20 மதிப்பெண். இதயத்துடிப்பின் மாறுபாடு, தோலின் மின்கடத்தல், தோள் தசையின் இறுக்கம், விரல் நுனியின் வெப்பம் ஆகிய நான்கையும் சேர்த்து அந்த எண்ணைக் கணக்கிடுவீர்களாம். அதே அறிவிப்பின் கடைசி வரியில், அந்த அறையை இத்தனை நாள் நடத்திவந்த விளையாட்டு உளவியல் நிபுணரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றும், இனிப் பதிவெடுக்கும் வேலையை அலுவலக ஊழியர் ஒருவர் பார்த்துக்கொள்வார் என்றும் இருக்கிறது.

இந்த இரண்டு முடிவுகளையும் என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அந்த அறையால் என் விளையாட்டு வாழ்க்கையே திரும்பக் கிடைத்தவள் நான். அந்த அறை என்ன செய்கிறது, எதைச் செய்யாது என்று உள்ளே உட்கார்ந்து பார்த்தவள் என்ற உரிமையில்தான் எழுதுகிறேன்.

நான் 14 ஆண்டுகளாக வில் பிடிக்கிறேன். அதில் ஒன்றரை ஆண்டு, கையில் வில் இருந்தும் அம்பு விட முடியாமல் நின்றேன். வில்லாளிகள் இதை டார்கெட் பேனிக் என்பார்கள். வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்குவது கடினம். நாணை முழுதாக இழுத்துவிடுவேன். அது தாடையில் வந்து பதிந்துவிடும். கிளிக்கர் என்பது வில்லில் பொருத்திய சிறு தகடு, அம்பு போதிய அளவு பின்னால் வந்ததும் 'கிளிக்' என்று ஒலிக்கும். அம்பின் முனை அதைத் தாண்ட இன்னும் இரண்டு மில்லிமீட்டர்தான் பாக்கி. அந்த இரண்டு மில்லிமீட்டரை மட்டும் இழுக்க முடியாது. குறி, இலக்கின் நடுவில் உள்ள மஞ்சள் வட்டத்துக்குக் கீழே வந்து அப்படியே உறைந்துவிடும். கை நடுங்கும். வில்லை இறக்கிவிட்டு மறுபடி தூக்குவேன், மறுபடியும் அதேதான். ஆளுக்கு ஆள் மாற்றி விடும் சுற்றில் ஓர் அம்புக்கு 20 வினாடிதான் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு போட்டியில் மூன்று அம்புகளுக்கு நேரம் தீர்ந்து, ஒன்றைக்கூட விடாமல் எய்யும் கோட்டிலிருந்து வெளியே வந்திருக்கிறேன்.

"பயப்படாதே" என்றார்கள். "கவனத்தைக் குவி" என்றார்கள். "ஆயிரம் அம்பு விடு, தானாகச் சரியாகும்" என்றார்கள். விட்டேன். பயம்தான் இன்னும் ஆழமாகப் பதிந்தது.

கடைசியில் அந்த அறைக்குப் போனேன். நிபுணர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே, நாண் இழுக்கும் பக்கத்தில், இரண்டு மின்முனைகளை ஒட்டினார். வயிற்றைச் சுற்றி மூச்சைப் பதிவுசெய்யும் பட்டையைக் கட்டினார். காது மடலில் ஒரு சிறிய கிளிப், துடிப்பைப் பார்க்க. "வழக்கமாக எப்படி விடுவாயோ, அப்படியே செய்" என்றார். ஆறு முறை வில்லைத் தூக்கினேன். ஆறு முறையும் உறைந்து நின்றேன். அப்புறம் திரையை என் பக்கம் திருப்பினார்.

பயம் கடைசி நொடியில், கிளிக்கருக்கு முன்னால்தான் வருகிறது என்று ஒன்றரை ஆண்டாக நம்பியிருந்தேன். திரையில் இருந்தது வேறு கதை. அம்பை நாணில் பொருத்திய அந்தக் கணத்திலேயே மூச்சுக்கோடு தட்டையாகிவிட்டது. அதிலிருந்து இறக்கிவைக்கும் வரை நான் மூச்சே விடவில்லை. வில்லைத் தூக்கும்போதே, நாணை இழுக்கத் தொடங்கும் முன்பே, மேல்தோள் தசையின் கோடு செங்குத்தாக எகிறி நின்றது. முதுகுத் தசை செய்யவேண்டிய வேலையை மேல்தோள் பிடுங்கிக்கொண்டது. கடைசி இரண்டு மில்லிமீட்டருக்கு வரும்போது இழுக்க என்னிடம் தசையே மிச்சமில்லை. என் சிக்கல் தொடங்கிய இடமும் நான் தேடிய இடமும் வேறு வேறாக இருந்தன. அதைச் சொல்ல எந்தப் பயிற்சியாளரின் கண்ணாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. மூன்று சென்சார் சொன்னது.

பிறகு வேலை மெதுவாகத்தான் நடந்தது. முதல் வாரங்களில் வில்லே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு மட்டும். அதன்பின் ரப்பர் பட்டை. தோள்கோடு திரையில் ஒரு அளவைத் தாண்டினால் சிறிய ஒலி கேட்கும். ஒலி கேட்காமல் பட்டையை இழுக்கப் பழகினேன். அப்புறம் எடை குறைந்த வில். பிறகு என் சொந்த வில், ஆனால் இலக்குப் பலகை இல்லாமல். பிறகு பலகையோடு. பிறகு கூட்டத்தின் இரைச்சலை ஒலிபெருக்கியில் போட்டு. கடைசியில், ஒரு சென்சாரும் இல்லாமல், திறந்த மைதானத்தில். ஐந்தாவது மாதம் 70 மீட்டரில் கிளிக்கர் சத்தத்தைக் கேட்டு அம்பு விட்டேன். அம்பு எங்கே பட்டது என்று பார்க்கக்கூட இல்லை. கிளிக் என்ற அந்தச் சத்தமே போதுமாக இருந்தது.

இவ்வளவு விவரமாக இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஐந்து மாதத்தில் எந்த நாளும், எந்தக் கோட்டுக்கும், யாரும் எனக்கு மதிப்பெண் போடவில்லை. முதல் நாள் பதிவை உங்கள் குறியீட்டில் போட்டிருந்தால் எனக்குக் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் கிடைத்திருக்கும். அதைப் பார்த்து நீங்கள் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பீர்கள். எனக்கோ அந்த மோசமான பதிவுதான் அதுவரை கிடைத்தவற்றிலேயே மிகப் பயனுள்ள தகவல்.

பயோஃபீட்பேக் என்பதற்கு 'உயிரியல் பின்னூட்டம்' என்று தமிழில் எழுதுகிறார்கள். சொல்லிலேயே பொருள் இருக்கிறது. உடலுக்குள் நடப்பதை, நமக்கே தெரியாமல் நடப்பதை, கோடாகவோ ஒலியாகவோ நமக்கே திருப்பித் தருவது. திரும்பி வர வேண்டிய இடம் வீரரின் கண். உங்கள் அறிவிப்பு அதை வீரரிடமிருந்து எடுத்துத் தேர்வுக் குழுவின் மேசைக்கு அனுப்புகிறது. அப்படி அனுப்பிய பிறகு அது பின்னூட்டமே இல்லை, வெறும் கண்காணிப்பு.

சரி, நோக்கம் எப்படியிருந்தாலும் எண் எண்தானே, மனஉறுதி உள்ளவருக்குக் கூடுதலாகவும் இல்லாதவருக்குக் குறைவாகவும் வரத்தானே செய்யும் என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் அடிப்படையே பிசகுகிறது. நான்கு அளவீடுகளில் மூன்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இதயத்துடிப்பு மாறுபாடு என்பது அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையே உள்ள நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற கணக்கு. மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 மூச்சு என்ற வேகத்துக்கு வந்தால் இந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகிவிடும். இரத்த அழுத்தத்தைச் சரிசெய்ய உடல் வைத்திருக்கும் சுழற்சியும் சுமார் 10 வினாடிதான், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்து அசைவதால் இப்படி நடக்கிறது. ஆளுக்கு ஆள் இந்த வேகம் மாறும், பெரும்பாலும் 4.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்கும். எனக்கு ஐந்தரை. ஆக, மெதுவாக மூச்சு விடத் தெரிந்த எவரும் நீங்கள் எடுக்கும் இரண்டு நிமிடப் பதிவில் எண்ணைத் தூக்கிக் காட்டிவிடலாம். அது மட்டுமா? வயது ஏற ஏற இந்த எண் இறங்கும். உட்கார்ந்து எடுத்தால் ஒன்று, படுத்து எடுத்தால் ஒன்று. முந்தைய இரவு தூக்கம் கெட்டால் இறங்கும். காய்ச்சல் வருவதற்கு முன்பே இறங்கும். பெண்களுக்கு மாதச் சுழற்சியின் பின்பாதியில் பொதுவாகக் கொஞ்சம் இறங்கும். இந்த அளவீட்டை ஒருவரின் நேற்றைய எண்ணோடு அவருடைய இன்றைய எண்ணை ஒப்பிடப் பயன்படுத்தினால் பொருள் உண்டு. 17 வயதுப் பையனையும் 31 வயது வீராங்கனையையும் அருகருகே வைத்து யார் உறுதியானவர் என்று பார்க்க இதற்குத் தகுதி கிடையாது.

தோலின் மின்கடத்தல் உள்ளங்கை வியர்வைச் சுரப்பிகளைப் பொறுத்தது. சிலருக்கு இயல்பாகவே அதிகம், சிலருக்கு என்ன நடந்தாலும் கோடு அசையாது. அசையாதவர் அமைதியானவர் என்று பொருள் இல்லை, அவர் கை அவ்வளவு வியர்க்காது, அவ்வளவுதான். இன்னொன்று, கோடு ஏறினால் பயம் என்றும் சொல்ல முடியாது. உற்சாகத்துக்கும் ஏறும், ஆவலுக்கும் ஏறும், பின்னால் யாராவது கதவை அறைந்து சாத்தினாலும் ஏறும்.

விரல் நுனி வெப்பமோ அறைக்கு அறை மாறும். நம் அறையில் நாற்காலிக்கு நேர் மேலே ஏசியின் காற்றுவாய் இருக்கிறது. நிபுணர் ஒவ்வொரு முறையும் பதிவுக்கு முன் அதை அணைத்துவிட்டு, ஒரு கால் மணி நேரம் எங்களைச் சும்மா உட்காரவைப்பார். போன வாரம் நடந்த முதல் 'மதிப்பெண் பதிவில்' அது ஓடிக்கொண்டே இருந்தது. என் விரல்கள் எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். அதனால் எனக்கு நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விட்டதாகச் சொன்னார்கள். மைதானத்தில் நான் செய்த எந்தத் தவறுக்காக?

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. அமைதியாக இருப்பவர்தான் நன்றாக ஆடுவார் என்பதே எல்லோருக்கும் பொருந்தாது. யூரி ஹானின் என்ற விளையாட்டு உளவியலாளர் பல ஆண்டுகள் வீரர்களைக் கவனித்து, ஒவ்வொருவருக்கும் சிறப்பாக ஆடுவதற்கென்று அவரவருக்கு உரிய ஒரு மனநிலை எல்லை இருக்கிறது என்று காட்டினார். ஒருவர் படபடப்பு குறைந்தால்தான் ஆடுவார். இன்னொருவர் படபடப்பு ஏறினால்தான் விழித்துக்கொள்வார். நான் இரண்டாவது வகை. என் வாழ்நாளின் மிகச் சிறந்த சுற்றை ஆடிய நாளில், பழகுவதற்காகச் சென்சார் மாட்டியிருந்தேன். துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டி நின்றது, உள்ளங்கை நனைந்திருந்தது. ஆனால் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது, மேல்தோள் இறங்கியிருந்தது. எனக்குத் தேவை அந்த இரண்டும்தான். உங்கள் சூத்திரத்தில் அந்த நாள் தோல்வி.

அறிவிப்பு வந்ததிலிருந்து பயிற்சிக் கூடத்தில் என்ன நடக்கிறது என்று உங்களில் யாராவது வந்து பார்த்தீர்களா? நான் தினமும் பார்க்கிறேன். பதிவு நாளுக்கு முன்னால் கையைச் சூடாக்கத் துணியில் சுற்றிக்கொண்டு உட்கார்கிறார்கள். எத்தனை வினாடி இழுத்து எத்தனை வினாடி விட்டால் எண் ஏறும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்களில் மிகச் சிறியவளுக்கு 15 வயது. போன வாரம் அவள் பதிவு முடிந்து வெளியே வந்து சிரித்துக்கொண்டே, "அக்கா, நல்ல எண் வந்துருச்சு" என்றாள். பத்து நிமிடம் கழித்து நாணை இழுத்து நின்றபோது அவளுக்கு மூச்சு நின்றிருந்தது. அடிவயிறு அசையவே இல்லை. எனக்கு அந்தத் தட்டைக் கோடு நன்றாகத் தெரியும். "அறைக்குப் போய் இதைக் காட்டலாமா?" என்று கேட்டேன். "வேண்டாம் அக்கா, பதிவாகிடும்" என்றாள்.

தயவுசெய்து அந்தப் பதிலை ஒரு முறை யோசித்துப் பாருங்கள். உதவி கிடைக்கும் ஒரே இடத்துக்குப் போக ஒரு பிள்ளை பயப்படுகிறாள். நான் போயிருக்காவிட்டால் இன்று வில்லே பிடித்திருக்க மாட்டேன். அவள் போக மாட்டேன் என்கிறாள், உங்கள் அறிவிப்பால்.

நான் அங்கே போய்க்கொண்டிருந்த மாதங்களில் ஒரு வாரம் என் கோடுகள் எல்லாமே குலைந்திருந்தன. நிபுணர் பார்த்துவிட்டு, "ஏதாவது நடந்ததா?" என்று கேட்டார். நடந்திருந்தது. வீட்டில் ஒரு சாவு. யாரிடமும் சொல்லாமல் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தேன். அவரிடம் சொன்னேன். அந்த வாரம் அளவீடு எதுவும் எடுக்க வேண்டாம் என்று அவரே கருவியை மூடிவைத்தார். அந்தப் பதிவும் அதற்கான காரணமும் தேர்வுக் குழுவுக்குப் போகும் என்று தெரிந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா? என் தோலும் துடிப்பும் என் உடல்நலத் தகவல். மருத்துவரிடம் சொல்வதைப் போன்ற இரகசியம் அதற்கும் வேண்டும். எங்களிடம் ஒரு கையெழுத்துகூட வாங்காமல், முன்பு எடுத்த பதிவுகளையும் சேர்த்துத் தேர்வுக் கோப்பில் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு எனக்குத் தூக்கம் போனது.

அடுத்து, நிபுணரை அனுப்பிவிட்டு ஓர் ஊழியரை உட்காரவைக்கும் முடிவு. அந்த ஊழியர் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவரிடம் கேட்கக் கூடாத வேலையை அவரிடம் கொடுத்திருக்கிறீர்கள். மின்முனையை ஒட்டிப் பதிவுப் பொத்தானை அழுத்துவதுதான் பயோஃபீட்பேக் என்று நினைப்பதால் வரும் முடிவு இது. வில்லாளிகளை வைத்தே ஒரு புகழ்பெற்ற ஆய்வு 1991-இல் வெளியானது. டேனியல் லேண்டர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் செய்தது. வில்லாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மூளையின் இடப்பக்க மின்னலைகளை வைத்துச் சரியான பின்னூட்டம். இன்னொரு குழுவுக்கு வலப்பக்கத்தை வைத்துத் தவறான பின்னூட்டம். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. சரியான பின்னூட்டம் பெற்றவர்கள் முன்பைவிட நன்றாக எய்தார்கள். தவறான பின்னூட்டம் பெற்றவர்கள் முன்பைவிட மோசமாக எய்தார்கள். இந்தக் கடைசிப் பகுதிதான் எனக்குக் கவலை தருகிறது. தவறாகக் கொடுத்தால் பலன் இல்லாமல் போவதோடு நிற்காது, இருந்த திறமையும் கெடும். இந்தக் கருவியை யார் கையில் கொடுக்கிறோம் என்பது அவ்வளவு முக்கியம்.

என்னிடம் அந்த நிபுணர் ஏன் உடனே வில்லைக் கொடுக்கவில்லை, ஏன் மாதக்கணக்கில் படிப்படியாகப் போனார் என்பதும் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. இஸ்ரேலின் விங்கேட் விளையாட்டு நிறுவனத்தில் போரிஸ் புளூமென்ஸ்டீனும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய முறையில் ஐந்து கட்டங்கள் உண்டு. தன் உடலைக் கட்டுப்படுத்த அறிமுகமாவது, தனக்கு எந்த அளவீடு பொருந்தும் என்று கண்டுபிடிப்பது, போட்டிச் சூழலை அறைக்குள் உருவாக்கிப் பழகுவது, பழகியதை மைதானத்துக்கு மாற்றுவது, கடைசியில் போட்டியிலேயே பயன்படுத்துவது. அறையில் வரும் நல்ல எண் முதல் இரண்டு படிகளுக்குள் அடங்கிவிடும் விஷயம். மிச்சம் இருக்கும் மூன்று படிகளை ஏற்றிவிட ஒரு மனிதர் கூடவே வேண்டும். நீங்கள் வைத்துக்கொள்ள முடிவெடுத்திருப்பது கருவியை, அனுப்ப முடிவெடுத்திருப்பது அந்த மனிதரை.

'மற்ற நாடுகளும் மற்ற அணிகளும் செய்வதைத்தான் செய்கிறோம்' என்று அறிவிப்பில் ஒரு வரி இருக்கிறது. அவர்கள் செய்தது என்ன என்று பார்ப்போம். ஏசி மிலான் கால்பந்து அணி புருனோ டெமிகேலிஸ் என்ற உளவியலாளரை வைத்து 'மைண்ட் ரூம்' என்று ஓர் அறையையே நடத்தியது. வீரர்கள் சாய்ந்து உட்கார்ந்து, தங்கள் உடல் எப்படி எதிர்வினை செய்கிறது என்று பார்த்து, பதற்றத்திலிருந்து வேகமாக மீளப் பழகினார்கள். 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கிற்குத் தயாரான கனடா வீரர்கள் சிலர் பயோஃபீட்பேக்கும், மூளையின் மின்னலைகளை வைத்துச் செய்யும் நியூரோஃபீட்பேக்கும் பழகினார்கள், பென்னி வெர்த்னர் போன்ற உளவியலாளர்கள் கூடவே இருந்தார்கள். 2008-இல் பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ராவின் தயாரிப்பிலும் இந்தப் பயிற்சிக்கு இடம் இருந்தது. எல்லா இடத்திலும் இது பயிற்சியாகத்தான் இருந்தது, கூடவே ஒரு நிபுணர் இருந்தார். இந்த மூன்று உதாரணங்களும் உங்கள் அறிவிப்புக்கு எதிராகத்தான் நிற்கின்றன.

டோக்கியோ ஒலிம்பிக்கில் வில்லாளிகளின் இதயத்துடிப்பைத் தொலைக்காட்சித் திரையிலேயே காட்டினார்களே என்று உங்கள் குழு உறுப்பினர் ஒருவர் என்னிடம் கேட்டார். காட்டினார்கள், உண்மைதான். பார்ப்பவர்களுக்கு விறுவிறுப்பாக இருக்கட்டும் என்று காட்டினார்கள். ஒரு துடிப்புக்குக்கூட அங்கே புள்ளி போடவில்லை. அம்பு பட்ட வளையத்துக்குத்தான் போட்டார்கள்.

இந்தப் பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் விளையாட்டில் இது கட்டாயம் வேண்டும். இதயத்தை மெதுவாக்கிக் கையை நிதானப்படுத்தும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் வில்வித்தையில் போட்டி நாளில் மட்டுமல்ல, எல்லா நாளும் தடைசெய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங்கில் துப்பாக்கி சுடும் வீரர் ஒருவர் இந்த வகை மருந்தான புரோப்ரனலாலால் இரண்டு பதக்கங்களை இழந்தார். நடுங்கும் கையோடு தனியாகத் தவிக்கும் பிள்ளைக்கு நேர்மையான வழி ஒன்று திறந்திருக்க வேண்டும். 30 கூடைப்பந்து வீரர்களை வைத்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் 10 நாள், நாளுக்கு 20 நிமிடம், இதயத்துடிப்பு மாறுபாட்டைப் பார்த்துச் செய்யும் மூச்சுப் பயிற்சியிலேயே பதற்றமும் ஆட்டமும் மேம்பட்டன. பெரிய செலவில்லாத விஷயம்.

அதே நேரம், இதன் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் துறையில் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. இதயத்துடிப்பு போன்ற தானாக நடக்கும் செயல்களையும் பழக்கத்தால் மாற்றலாமா என்று 1960களில் உளவியலாளர் நீல் மில்லர் எலிகளை வைத்துச் செய்த சோதனைகள் பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பின. பிறகு அவருடைய ஆய்வகத்திலேயே அதே முடிவுகளைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை, அதை அவரே வெளிப்படையாகச் சொன்னார். அளவுக்கு மீறி நம்பிவிட்டால் என்ன ஆகும் என்று இந்தத் துறை தொடக்கத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்டது. இரண்டு நிமிடப் பதிவில் ஒருவரின் மன உறுதியையே அளந்துவிடலாம் என்று நம்புவது அந்தப் பழைய தவறைவிடப் பெரிய தவறு.

இனி, நான் கேட்பவை.

முதலாவதாக, 'மன உறுதிக் குறியீட்டை' முழுதாகத் திரும்பப் பெறுங்கள். 20-ஐ 10 ஆகக் குறைப்பதோ, பரிசோதனை முறையில் ஓராண்டு பார்ப்பதோ எங்களுக்கு வேண்டாம். ஒரு மதிப்பெண் இருந்தாலும் அந்தப் பிள்ளை அறைக்குள் போக மாட்டாள்.

அடுத்து, இதுவரை தேர்வுக் கோப்பில் சேர்த்த எல்லாப் பதிவுகளையும் வெளியே எடுத்து உரியவர்களிடம் கொடுங்கள். நகல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை என்று எழுத்தில் தாருங்கள். இனி எடுக்கும் பதிவு வீரருக்கும் நிபுணருக்கும் மட்டும். பயிற்சியாளருக்குத் தேவைப்பட்டால் வீரர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோரின் கையெழுத்தும் வேண்டும். மறுத்தால் அது அவர்களுக்கு எதிராகப் போகக் கூடாது.

நிபுணரின் ஒப்பந்தத்தைப் புதுப்பியுங்கள். அவரே வேண்டாம் என்றால் இந்தப் பயிற்சியில் முறையாகத் தேர்ந்த வேறொருவரை நியமியுங்கள். அதுவரை அந்தக் கருவியை யாரும் தொட வேண்டாம். இடையில் விட்டுப்போன பயிற்சியில் இப்போது ஏழு பேர் பாதியில் நிற்கிறார்கள். ரப்பர் பட்டைக் கட்டத்தில் ஒருவர், கூட்ட இரைச்சல் கட்டத்தில் இருவர். அவர்களுக்கு ஒவ்வொரு வாரமும் முக்கியம்.

போன வாரம் எடுத்த பதிவை வைத்து யாருக்காவது தரவரிசை இறங்கியிருந்தால், அம்புப் புள்ளியை மட்டும் வைத்து அதை மறுபடி கணக்கிட்டு வெளியிடுங்கள்.

கடைசியாக ஒன்று. முடிவெடுப்பதற்கு முன் உங்களில் இருவராவது அந்த நாற்காலியில் வந்து உட்காருங்கள். தோளில் மின்முனை ஒட்டி, வயிற்றில் பட்டை கட்டி, நிபுணர் திரையைத் திருப்பிக் காட்டும்போது உங்கள் மூச்சை நீங்களே பாருங்கள். யாரும் மதிப்பெண் போட மாட்டார்கள். நான் கூட இருக்கிறேன்.

அடுத்த தேர்வுச் சுற்று தொடங்குவதற்கு 10 நாள் முன்பாவது எழுத்தில் பதில் வேண்டும். அந்த அறிவிப்பை ஒட்டிய அதே பலகையில் பதிலையும் ஒட்டுங்கள், சின்னவளும் படிக்கும் உயரத்தில்.

இப்படிக்கு,
14 ஆண்டுகளாக உங்கள் கோட்டில் நின்று அம்பு விடும் ஒரு வீராங்கனை